ஒரு சுவர், பல கோடுகள்: உலக வெப்பநிலைக்கு எந்தப் பதிவை எடுப்பது?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடும் அறையில் உலக வெப்பநிலை வரைபடம் ஒன்றை மாட்டுவது என்று தீர்மானித்தோம். ஒரே வரைபடம், அதில் ஒரே கோடு. மாட்டலாமா என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எந்தக் கோடு என்பதில்தான் மூன்று கட்சி. பள்ளியில் அறிவியல் எடுக்கும் டீச்சர், நாசாவின் கோடு போதும் என்றார். ஓஎம்ஆரில் தரவுப் பகுப்பாய்வு வேலை பார்க்கும் இளைஞர், தரையில் நிற்கும் வெப்பமானிகளை நம்ப வேண்டாம், செயற்கைக்கோள் பதிவை வைப்போம் என்றார். வானிலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இரண்டையும் ஒதுக்கினார். "பதிவேட்டில் எழுதினதை அப்புறம் யாரும் திருத்தக் கூடாது தம்பி. திருத்தாத எண்ணை வைங்க, இல்லேன்னா சுவரைச் சும்மா விடுங்க" என்பது அவர் கட்சி.

மூவரும் சொன்னது புதிதில்லை. உலக வெப்பநிலைப் பதிவுகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடக்கும் சச்சரவெல்லாம் ஏறக்குறைய இந்த மூன்று வாதங்களுக்குள் அடங்கிவிடும். பதிவுகள் எல்லாமே வெப்பம் ஏறுவதைத்தான் காட்டுகின்றன. எதை அளப்பது, எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது, அளவுகோல் மாறியபோது பழைய எண்ணை என்ன செய்வது என்பவற்றில்தான் வேறுபாடு. அதனால் எந்தப் பதிவு சரி என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. பார்ப்பவர் என்ன கேள்வியோடு வருகிறார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எங்கள் கேள்வி எளிமையானது: தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் இருந்ததைவிட இன்று பூமியின் மேற்பரப்பு எவ்வளவு சூடு?

இதற்குப் போட்டியிடும் பதிவுகள் இவை. நியூயார்க்கில் உள்ள நாசாவின் கோடார்ட் நிறுவனம் தரும் கிஸ்டெம்ப் 1880-இல் தொடங்குகிறது. நோவா என்று சுருக்கிச் சொல்லப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் பதிவு இப்போதைய பதிப்பில் 1850-க்குப் போகிறது. பிரிட்டிஷ் வானிலை அலுவலகமும் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தயாரிக்கும் ஹாட்கிரட்டும் 1850 முதல். கலிஃபோர்னியாவின் பெர்க்லி எர்த்தும் அப்படியே. இவை நான்கும் நிலையங்கள், கப்பல்கள், மிதவைகள் தரும் அளவுகளைக் கோத்துச் செய்தவை. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் சேவை தரும் ஈஆர்ஏ5-உம் ஜப்பானின் பதிவும் வேறு வகை. பலூன், விமானம், செயற்கைக்கோள், நிலையம் என்று கிடைக்கும் எல்லா அளவுகளையும் ஒரு வானிலைக் கணினி மாதிரிக்குள் ஊட்டி, பழைய வானிலையை நாள்வாரியாகத் திரும்பக் கட்டுகிறார்கள். இதற்கு மறுபகுப்பாய்வு என்று பெயர். ஈஆர்ஏ5 1940-இல்தான் தொடங்குகிறது. கடைசியாகச் செயற்கைக்கோள் பதிவுகள் இரண்டு: ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் யூஏஹெச், தனியார் ஆய்வு நிறுவனமான ஆர்எஸ்எஸ். அவை 1978 இறுதியிலோ 1979-இலோதான் ஆரம்பிக்கின்றன.

2024-ஆம் ஆண்டுக்கு இவர்கள் சொன்னதைப் பாருங்கள். 1850–1900 சராசரியைவிட எவ்வளவு அதிகம் என்று கேட்டால் பெர்க்லி எர்த் 1.62 டிகிரி செல்சியஸ் என்றது. கோப்பர்நிகஸ் 1.60. ஹாட்கிரட் 1.53. நாசா 1.47. நோவா 1.46. உலக வானிலை அமைப்பு ஆறு பதிவுகளைச் சேர்த்து 1.55 என்று அறிவித்தது, 0.13 கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்போடு. ஒரே பூமி, ஒரே ஆண்டு. மேலுக்கும் கீழுக்கும் 0.16 டிகிரி இடைவெளி. பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் எல்லையாகச் சொன்ன 1.5 என்ற கோட்டைத் தாண்டினோமா இல்லையா என்பதே இந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொள்கிறது. "இவர்களுக்கே தெரியவில்லை" என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இது போதும்.

ஆனால் அந்த இடைவெளி பெரும்பாலும் 2024-இல் இல்லை, 1850-களில் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளை மட்டும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இந்தக் கோடுகள் ஒட்டிக்கொண்டே போகின்றன. பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி ஏற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அடிமட்டம் எங்கே இருந்தது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. அன்று தென்கடல்களில் கப்பல் போவதே அபூர்வம், அண்டார்டிகாவில் வெப்பமானியே கிடையாது. அந்த ஓட்டைகளை யார் எப்படி நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து அடிமட்டம் கொஞ்சம் ஏறும், இறங்கும். அதிலிருந்து அளக்கும் இன்றைய எண்ணும் கூடவே ஆடும்.

இன்னொன்று. ஆறு பதிவுகள் என்றதும் ஆறு தனித்தனிச் சாட்சிகள் என்று நினைத்துவிடக் கூடாது. நாசா கடலுக்கும் நிலத்துக்கும் பெரும்பாலும் நோவாவின் தொகுப்புகளையே எடுத்துத் தன் முறையில் கணக்கிடுகிறது. பெர்க்லி எர்த் கடலுக்கு ஹாட்கிரட் குழுவின் கடல் தரவைச் சார்ந்திருக்கிறது. முறை வேறு, மூலப்பொருள் பாதிக்கு மேல் பொது. அதனால்தான் உலக வானிலை அமைப்பின் ஆறு பதிவுச் சராசரியைச் சுவருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. செய்திக்கு அது நல்ல எண். பையன் ஒருவன் "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் சராசரியைப் பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

டிகிரி ஏன் வேண்டாம், விலகல் ஏன் வேண்டும்

கோப்பர்நிகஸ் கணக்கில் 2024 ஜூலை 22-ஆம் தேதி அதுவரை பதிவானதிலேயே பூமியின் மிகச் சூடான நாள். அன்றைய உலகச் சராசரி 17.1 டிகிரியைத் தாண்டியது. இதைச் சொன்னதும் அறையில் சிரிப்பு. மார்கழிக் குளிரில்கூடச் சென்னைக்கு 17 டிகிரி லேசில் கிடைக்காது. அதைப் போய் மிகச் சூடான நாள் என்றால்? துருவப் பனி, சைபீரியா, தென்கடல் எல்லாம் சேர்ந்த சராசரி அது. வட கோளத்தின் பெரிய நிலப்பரப்புகளுக்குக் கோடை என்பதால் வழக்கமாக ஜூலையை ஒட்டித்தான் உச்சம் வரும்.

இந்தக் குழப்பத்துக்காகத்தான் எல்லாப் பதிவுகளும் முழு வெப்பநிலையை விட்டுவிட்டு விலகலைச் சொல்கின்றன: ஒவ்வொரு இடமும் அதன் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை. கொடைக்கானலும் மதுரையும் ஒரே மாதத்தில் ஒரே வெப்பநிலையில் இருக்காது. ஆனால் மதுரை வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும் மாதத்தில் கொடைக்கானலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இடம் மாறினாலும் விலகல் சேர்ந்தே நடக்கும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

நாசா இதை வைத்துத்தான் ஒரு நிலையத்தின் விலகலை 1,200 கிலோமீட்டர் வரை நீட்டுகிறது. சென்னையிலிருந்து போபால் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் பெரியவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், வெப்ப மண்டலத்தில் இந்த ஒற்றுமை குறைவு. ஆனால் இங்கே நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன, நீட்ட வேண்டிய தேவை அவ்வளவு இல்லை. நீட்ட வேண்டியது ஆர்க்டிக்கில். அங்கே ஒற்றுமை நெடுந்தூரம் தாங்கும்.

நீட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாட்கிரட்டின் பழைய நான்காம் பதிப்பே சாட்சி. பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் அது, நிலையம் இல்லாத கட்டங்களைக் காலியாக விட்டது. நேர்மையான செயல்தானே என்று தோன்றும். காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் உலகச் சராசரி எடுத்தால், அந்தக் கட்டம் உலகச் சராசரி அளவுக்கே சூடானது என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். ஆர்க்டிக்கோ உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. கெவின் கவ்டன், ராபர்ட் வே இருவரும் 2013-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 2020 இறுதியில் வந்த ஹாட்கிரட்5 இரண்டு வடிவங்களையும் தருகிறது: ஓட்டை நிரப்பியது ஒன்று, நிரப்பாதது ஒன்று. எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறது. இந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

செயற்கைக்கோள்: மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியுமா

இளைஞரின் வாதத்துக்கு வருகிறேன். செயற்கைக்கோளுக்கு நகரம், கிராமம் என்ற பேதம் இல்லை, ஓட்டை இல்லை, வெப்பமானியை மொட்டை மாடியில் வைத்தார்கள் என்ற புகார் இல்லை. கருவி ஒன்று, பூமி முழுக்க. கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

முதல் சிக்கல், அது அளப்பது நாம் நிற்கும் இடத்தை அல்ல. செயற்கைக்கோளில் வெப்பமானி கிடையாது. காற்றில் உள்ள ஆக்சிஜன் வெளிவிடும் நுண்ணலையின் வலிமையை அளந்து, அதிலிருந்து தரைக்கு மேலே பல கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றடுக்கின் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடேறும் எல் நினோவுக்கு, மேற்பரப்பைவிட அந்த அடுக்கு அதிகமாகத் துள்ளும். 1998 யூஏஹெச் வரைபடத்தில் கோபுரம் போல நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது சிக்கல், கருவி ஒன்றல்ல. 1978 முதல் பல செயற்கைக்கோள்கள் வந்து போயின. ஒவ்வொன்றும் மெல்ல உயரம் இறங்கும். ஒரே இடத்தைக் கடக்கும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். மத்தியானம் இரண்டு மணிக்கு அளந்தது சில ஆண்டுகளில் மாலை நேரத்துக்குப் போய்விட்டால், பூமி குளிர்ந்தது போலத் தெரியும். இதையெல்லாம் திருத்தித்தான் தொடர்ச்சியான கோடு கிடைக்கிறது. ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் இருவரும் நடத்தும் யூஏஹெச் பதிவு 1990-களில் வெப்பமயமாதலே இல்லை என்ற அளவுக்குக் காட்டியது. 1998-இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் உயரம் இறங்குவதன் விளைவு கணக்கில் வரவில்லை என்று காட்டினார்கள். 2005-இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும், நேர நகர்வுக்கான திருத்தம் தலைகீழாகப் போடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யூஏஹெச் குழு அதை ஏற்றுத் திருத்திக்கொண்டது. இன்று யூஏஹெச் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் காட்டுகிறது. ஏறக்குறைய அதே கருவிகளின் அளவை எடுத்துக்கொள்ளும் ஆர்எஸ்எஸ் காட்டுவது அதைவிட அதிகம். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, தரைப் பதிவுகள் தங்களுக்குள் காட்டும் இடைவெளியைவிடப் பெரியது.

திருத்தம் பிடிக்காதவர் செயற்கைக்கோளுக்குப் போவது, ஆகையால், எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. அங்கேதான் திருத்தம் அதிகம். இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ தரைப் பதிவு சரியா இருக்கான்னு பார்க்க மட்டும் இதை வெச்சுக்கலாம் சார்" என்று இறங்கி வந்தார். அது நல்ல யோசனை. தரைப் பதிவைச் சந்தேகிக்கும் இருவரே நடத்தும் யூஏஹெச்சிலும் 2024-தான் உச்ச ஆண்டு.

திருத்தக் கூடாது என்கிறவர்

பெரியவரின் வாதம்தான் மூன்றிலும் கனமானது. அவர் வேலை பார்த்த துறையில் காலை 8.30 என்றால் 8.30. "காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்" என்று மழைக்காலத்தில் நாம் கேட்கும் அறிவிப்பு அந்த ஒழுக்கத்தின் மேல்தான் நிற்கிறது. எழுதியதை அடித்துத் திருத்துவது அவருக்கு முறைகேடு. நியூயார்க்கில் ஏசி அறையில் இருப்பவர் இங்கே எடுத்த அளவைத் திருத்தலாமா என்று கேட்டார்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் உள்ள எண் அப்படியே இருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை. திருத்தாத நிலையத் தரவையும் திருத்தியதையும் நோவா பக்கம் பக்கமாகவே வெளியிடுகிறது. திருத்தம் நடப்பது கணக்கில். காரணம், எண் மாறாவிட்டாலும் எண்ணை எடுத்த விதம் மாறியிருக்கிறது. இந்தியாவில் ஒரு காலத்தில் வெப்பமானி கூரை வேய்ந்த திறந்த கொட்டகையில் தொங்கியது, அப்புறம் ஸ்டீவன்சன் பெட்டி என்ற காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் போனது. அமெரிக்காவில் தன்னார்வப் பதிவாளர்கள் மாலையில் அளவெடுத்ததை மெல்ல மெல்லக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். மாலையில் உச்ச வெப்பமானியைச் சரிசெய்து வைத்தால் ஒரு சூடான நாள் இரண்டு நாள் கணக்கில் ஏறும். காலைக்கு மாறியதும் அந்த இரட்டிப்பு போய்விடும். வானிலை மாறாமலே எண் குறையும். இதைத் திருத்தாமல் விட்டால்தான் பதிவு பொய் சொல்லும். பெரியவரே இதை ஒப்புக்கொண்டார். நேரம் மாறினால் அவருக்கும் பொறுக்காது.

பெரிய விஷயம் நிலத்தில் இல்லை, கடலில் இருக்கிறது. பூமியின் பரப்பில் 71 சதவீதம் கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலிலிருந்து வாளியை இறக்கி, கடல் தண்ணீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியைப் போட்டார்கள். கித்தான் வாளியின் சுவரில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உள்ளே உள்ளது குளிர்ந்துவிடும். பிறகு என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரில் அளந்தார்கள். அது கொஞ்சம் சூடாகவே காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது, என்ஜின் முறை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் வாளியோடு திரும்பி வந்தன. 1945-இல் கடல் திடீரென்று 0.3 டிகிரி குளிர்ந்தது போலப் பதிவில் ஒரு படிக்கட்டு விழுந்தது. கடல் குளிரவில்லை, வாளி திரும்பி வந்தது. டேவிட் தாம்சன் குழுவினர் 2008-இல் இதை எடுத்துச் சொல்லும்வரை அந்தப் படிக்கட்டு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

இதில் பெரியவர் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. பழைய வாளி அளவுகள் குறைவாகக் காட்டியதால், திருத்தம் அவற்றை மேலே ஏற்றுகிறது. கடந்த காலம் கொஞ்சம் சூடாகிறது, அதனால் நூற்றாண்டு முழுக்க ஏற்பட்ட ஏற்றம் குறைகிறது. நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தாத கோடுதான் அதிக வெப்பமயமாதலைக் காட்டும். வெப்பமயமாதலைப் பெரிதாக்கத்தான் விஞ்ஞானிகள் திருத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

திருத்தங்கள் எல்லாம் சண்டை இல்லாமல் நடந்துவிடவில்லை. 2015-இல் நோவாவின் தாமஸ் கார்ல் குழு கடல் பதிவைத் திருத்தியது. கப்பல்களைவிட மிதவைகள் சுமார் 0.12 டிகிரி குறைவாகக் காட்டும். 1990-களுக்குப் பிறகு மிதவைகள் பெருகியதால் கலவையில் ஒரு பொய்க் குளிர்ச்சி நுழைந்தது. அதைச் சரிசெய்ததும், 1998-க்குப் பிறகு வெப்பமயமாதல் நின்றுவிட்டது என்ற பேச்சுக்கு ஆதாரம் கரைந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் அறிவியல் குழுத் தலைவர் லமார் ஸ்மித் நோவாவின் கடிதங்களைக் கேட்டு ஆணை அனுப்பும் அளவுக்கு விவகாரம் போனது. 2017-இல் ஜீக் ஹவுஸ்ஃபாதர் குழு மிதவைகளை மட்டும், கடலுக்குள் மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளை மட்டும், செயற்கைக்கோள் கடல் அளவை மட்டும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. மூன்றும் திருத்திய கோட்டோடுதான் ஒத்துப்போயின. அதே சமயம், 2016-இல் ஜான் ஃபைஃப், மைக்கேல் மான் உள்ளிட்ட காலநிலை விஞ்ஞானிகளே, ஏற்றம் நிற்கவில்லை என்றாலும் அந்தக் காலத்தில் வேகம் குறைந்தது நிஜம் என்று எழுதினார்கள். துறைக்குள் நடக்கும் கருத்து வேறுபாடு இப்படித்தான் இருக்கிறது: வேகம் எவ்வளவு, ஏன் என்பதில். வெளியே கேட்கும் சத்தம் வேறு ரகம்.

1998-ஐத் தொடக்கப் புள்ளியாக வைப்பது பற்றி ஒரு வார்த்தை. அது பெரிய எல் நினோ ஆண்டு. ஒரு பேட்ஸ்மேன் சேப்பாக்கத்தில் இரட்டைச் சதம் அடித்த ஆட்டத்திலிருந்து சராசரியைக் கணக்கிட ஆரம்பித்துவிட்டு, அதன்பின் ஃபார்ம் போய்விட்டது என்று சொல்வதற்குச் சமம். 2024-ஐக் கடைசிப் புள்ளியாக வைத்து எதிர்காலத்துக்கு நேர்கோடு இழுப்பவரும் இதே காரியத்தைத்தான் மறுபக்கத்தில் செய்கிறார்.

திருத்தம் வேண்டாம் என்று புறப்பட்டு திருத்தத்துக்கே வந்து சேர்ந்த கதையும் உண்டு. பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய பதிவுகளைச் சந்தேகித்துத்தான் பெர்க்லி எர்த்தைத் தொடங்கினார். நிதி தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் இருந்தது. மற்றவர்கள் கழித்துக்கட்டிய நிலையங்களையும் சேர்த்து, நிலையம் இடம் மாறிய இடங்களில் பதிவை வெட்டி, புதுக் கணித முறையில் தைத்தார்கள். 2011, 2012-இல் வந்த முடிவு பழைய பதிவுகளோடு ஒத்துப்போனது. நகரச் சூடு உலகச் சராசரியைக் கெடுக்கிறதா என்றும் சோதித்தார்கள். நகரம் தொடாத இடங்களை மட்டும் எடுத்தாலும் ஏற்றம் மாறவில்லை. சந்தேகத்தோடு வரும் ஒருவரிடம் ஒரே ஒரு பதிவைக் காட்ட வேண்டுமென்றால் நான் பெர்க்லி எர்த்தைத்தான் காட்டுவேன்.

நுங்கம்பாக்கத்தையே வைத்தால் என்ன

கடைசியில் யாரோ கேட்டார்கள்: உலகம் எதற்கு, நம்ம ஊர்ப் பதிவையே மாட்டினால் என்ன? ஆசை எனக்கும் உண்டு. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-இல் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1796 முதல் வானிலைக் குறிப்புகள் உண்டு. இந்திய வானிலைத் துறையே 1875-இல்தான் பிறந்தது. இவ்வளவு நீண்ட பதிவு உலகில் பல நகரங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் எங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது. சென்னையின் உச்ச வெப்பநிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடற்காற்று உள்ளே வரும் நேரம். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து, கடற்காற்று தாமதமானால் அன்றைக்கு வெயில் சதம் அடிக்கும். 2003 மே 31-இல் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கத்திரி முடிந்த பிறகு. அடுத்த நாளே பல டிகிரி இறங்கவும் கூடும். நுங்கம்பாக்கம் ஒன்று சொல்ல, சற்று உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் கூடுதலாகச் சொல்வதை எல்லா மே மாதமும் செய்தியில் கேட்கிறோம். போதாததற்கு நகரம் வளர்ந்திருக்கிறது. கான்கிரீட்டின் சூடு இரவு வெப்பநிலையில் கலந்திருக்கிறது. சென்னைவாசிக்கு அந்தச் சூடு நிஜம்தான், அவர் அதில்தான் தூங்குகிறார். உலகச் சராசரியில் அதற்கு இடம் மிகச் சிறிது. உள்ளூருக்குத் தனிப் படம் போடலாம் என்று வைத்தாயிற்று. இந்தியாவுக்கு என்றால் வானிலைத் துறையின் பதிவே போதும்: 1901 முதல் பார்த்ததில் 2024-தான் உச்சம், 1991–2020 சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல்.

இந்த 0.65-ஐ உலகின் 1.55-க்குப் பக்கத்தில் வைத்து, இந்தியா பிழைத்தது என்று யாராவது சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒப்பீட்டுக் காலம் வேறு. நாசா 1951–1980-ஐ எடுக்கிறது, ஹாட்கிரட் 1961–1990, கோப்பர்நிகஸ் 1991–2020. ஒரே ஏற்றம், மூன்று எண்ணாகத் தெரியும். கோட்டின் வடிவம் மாறாது, பூஜ்யம் மட்டும் மேலும் கீழும் நகரும்.

பாரிஸ் ஒப்பந்தம் தொழிற்சாலைக் காலத்துக்கு முன் என்று சொல்லிவிட்டு அது எந்த ஆண்டு என்று வரையறுக்காமல் விட்டதும் இதில் சேர்கிறது. 1850–1900 என்பது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி எடுத்துக்கொண்ட நடைமுறை. வெப்பமானிகள் ஓரளவு பரவலாகக் கிடைக்கும் மிகப் பழைய காலம் அது, அவ்வளவுதான் காரணம். 2024-இல் கரீபியன் கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஒரு குழு, ஏற்றம் 1860-களிலேயே தொடங்கிவிட்டது, நாம் குறைத்து எண்ணுகிறோம் என்றது. ஒரே கடற்பகுதியை வைத்து உலகத்தைச் சொல்ல முடியாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எனக்கும் மறுப்பே வலுவாகப் படுகிறது.

அடுத்து, 2024 தனியாக 1.5-ஐத் தாண்டியதால் ஒப்பந்த எல்லை போய்விட்டது என்று எழுதக் கூடாது. ஐபிசிசி பார்ப்பது இருபது ஆண்டுச் சராசரியை. அதன் ஆறாம் அறிக்கையில் 2011–2020 பத்தாண்டு 1.09 டிகிரியில் நின்றது.

எங்கள் முடிவு: ஹாட்கிரட்5, ஓட்டை நிரப்பிய வடிவம், 1850–1900-ஐப் பூஜ்யமாக வைத்து. ஆண்டுகள் புள்ளிகளாக, மேலே நீண்ட காலச் சராசரி கோடாக, சுற்றிலும் பிழை வரம்பு நிழலாக. அந்தக் குழு ஒரே கோட்டைத் தராமல் 200 சாத்தியக் கோடுகளைத் தருகிறது. அதனால் 1850-களில் நிழல் அகலமாகவும் இன்று ஒடுங்கியும் தெரியும். எங்கே தெரியும், எங்கே தெரியாது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. டீச்சரின் நாசா 1880-இல் தொடங்குவதால் பூஜ்யத்துக்கு வேறு ஒருவரிடம் கடன் வாங்க வேண்டும். ஆனால் நாசா தன் கணினி நிரலை வெளியே வைத்திருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கலாம் என்பதற்காகக் கீழே அதன் முகவரி இருக்கும். பெரியவருக்காகத் திருத்தாத கோடு மெல்லிய சாம்பல் நிறத்தில் போகும். அது பழைய காலத்தில் கீழே தொங்குவதைப் பார்த்து யாராவது ஏன் என்று கேட்டால், வாளிக் கதையை அவரே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஃபாரன்ஹீட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நம் செய்திகள் வெயிலை நூறு டிகிரிக் கணக்கில் சொல்லிப் பழகியவை. 1.5 டிகிரி செல்சியஸ் விலகல் என்பது 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் விலகல். வழக்கமான சூத்திரத்தைப் போட்டு 32-ஐயும் கூட்டி 34.7 என்று எழுதுகிறவர்கள் கண்டிப்பாக வருவார்கள்.

2023-க்குப் பிறகு வேகம் கூடிவிட்டதா என்பதைப் படத்தில் தொடவில்லை. எல் நினோ, கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்த 2020 விதி, 2022 ஜனவரியில் வெடித்த டோங்கா எரிமலை என்று காரணங்கள் பேசப்படுகின்றன. காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் வேகம் கூடிவிட்டது என்கிறார், மைக்கேல் மான் மாதிரிகள் சொன்ன பாதையில்தான் போகிறது என்கிறார். இன்னும் சில ஆண்டுப் புள்ளிகள் விழட்டும்.

உங்கள் தேவை வேறாக இருந்தால் தேர்வும் மாறும். தினசரிச் செய்தி எழுதுகிறவருக்கு ஈஆர்ஏ5. சில நாள் தாமதத்தில் எண் கிடைத்துவிடும், 2023 நவம்பர் 17-இல் முதல்முறையாக ஒரு நாள் 2 டிகிரியைத் தாண்டியது போன்ற விவரம் அதில்தான் வரும். சந்தேகக்காரரோடு பேசப் போகிறவருக்குப் பெர்க்லி எர்த், கூடவே யூஏஹெச். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் 2024-க்கு உலக வானிலை அமைப்பின் 1.55-ஐ எழுதுங்கள், 1850–1900 என்ற ஒப்பீட்டுக் காலத்தையும் கூடவே எழுதுங்கள்.